டியர் லாட்ஜ் பள்ளத்தாக்கில் ஒரு மாட்டுப் பண்ணை

1850களில் அமெரிக்காவின் ஓரிகன் பாதை வழியாக மேற்கே போன குடும்பங்கள் மிசௌரி ஆற்றங்கரையில் வண்டி கட்டிக் கிளம்பினால், இன்றைய ஐடஹோ வந்து சேர்வதற்குள் மாடுகளின் குளம்பு தேய்ந்துவிடும். எலும்பும் தோலுமாக, நொண்டிக்கொண்டு நிற்கும். இனி ஒரு நாள்கூட அவை வண்டி இழுக்காது. அந்த இடத்தில் ஜானி கிராண்ட் என்ற இளைஞர் கொழுத்த மாடுகளோடு காத்திருப்பார். அவர் கேட்ட விலை எளிது: என்னுடைய நல்ல மாடு ஒன்று, உன்னுடைய நொண்டி மாடு இரண்டு. பயணிகளுக்கும் வேறு வழியில்லை. மறுத்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

அப்படிச் சேர்த்த மாடுகளை கிராண்ட் வடக்கே, இன்றைய தென்மேற்கு மொண்டானாவின் பள்ளத்தாக்குகளுக்கு ஓட்டிப்போவார். குளிர்காலம் முழுக்க அங்கே புல்லைத் தின்று அவை தேறிவிடும். அடுத்த கோடையில் அதே மாடுகள் மறுபடியும் பாதையோரம் வந்து நிற்கும், ஒன்றுக்கு இரண்டு என்று. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மாடுகளும் குதிரைகளும் அவருடையவை ஆயின.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவன் என்பதால் இந்தக் கணக்கு என்னை உடனே பிடித்துக்கொண்டது. தேய்ந்த குளம்பு ஆறுவதற்கு ஓய்வும் புல்லும் போதும், அந்த இரண்டையும் அந்த நிலம் சும்மா கொடுக்கிறது என்று ஒருவன் பார்த்துப் புரிந்துகொண்டதில் தொடங்கிய பண்ணை இது. இன்று அதன் பெயர் கிராண்ட்-கோர்ஸ் பண்ணை. மொண்டானா மாநிலத்தில் டியர் லாட்ஜ் என்ற சிறிய ஊரின் விளிம்பில் இருக்கிறது. யெல்லோஸ்டோனிலிருந்து கிளேசியர் பூங்காவுக்குக் காரில் போகிறவர்கள் பலரும் 90ஆம் எண் நெடுஞ்சாலையில் இந்த ஊரை நிற்காமல் கடந்துபோவார்கள். அவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

ஜானி கிராண்ட் தானாக முளைத்த மனிதர் அல்ல. 1831இல் கனடாவின் எட்மண்டன் கோட்டையில் பிறந்த மேட்டி. ஐரோப்பியத் தோல் வணிகர்களும் பூர்வகுடிப் பெண்களும் சேர்ந்து உருவான சமூகம் அது. அப்பா ரிச்சர்ட் கிராண்ட், ஹட்சன்ஸ் பே கம்பெனி என்ற தோல் வணிக நிறுவனத்தின் அதிகாரியாக ஹால் கோட்டையை நடத்தியவர். ஜானியின் மனைவி க்வாரா ஷோஷோனி இனப் பெண். என்னைக் கேட்டால், பண்ணை நிலைத்ததற்குப் பாதிக் காரணம் இந்தத் திருமணம். காவலுக்குப் பட்டாளம் இல்லாத, சட்டமும் எட்டிப்பார்க்காத மலைநாட்டில் ஆயிரம் மாடுகளை மேயவிட்டு ஒருவன் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால், அந்த மண்ணின் மனிதர்கள் அவனை உறவாக நினைக்க வேண்டும். கிராண்டுக்கு அந்த உறவு மனைவி வழியாகக் கிடைத்தது.

1862இல் அவர் ஒரு வீடு கட்டினார். மரக்கட்டைகளை அடுக்கி, மேலே பலகை அறைந்து, ஜன்னல்களுக்குப் பச்சைக் கதவு வைத்த இரண்டு மாடி வீடு. சுற்றிலும் ஒற்றை அறைக் குடிசைகளும் தோல் கூடாரங்களுமே இருந்த காலம். செயின்ட் லாரன்ஸ் நதிக்கரையிலிருந்து ஒரு வீட்டைப் புகைபோக்கியைப் பிடித்துத் தூக்கிவந்து இந்தப் பள்ளத்தாக்கில் வைத்ததுபோல் இருக்கிறது என்று 1865இல் அங்கிருந்த ஒரு செய்தித்தாள் எழுதியது. கனடாக்காரரின் வீட்டுக்குப் பொருத்தமான வர்ணனைதான்.

அதே 1862இல் பக்கத்து மலைகளில், பானக் என்ற இடத்தில், தங்கம் கிடைத்தது. அத்தோடு எல்லாம் மாறியது. கிராண்டுக்குப் பழக்கமான உலகம் பண்டமாற்றும் உறவுமுறையும் கொண்டது. இப்போது கூட்டம், வரி, வழக்கு, துப்பாக்கி எல்லாம் வந்து சேர்ந்தன. பூர்வகுடி மனைவியும் கலப்பினப் பிள்ளைகளும் உள்ளவனைப் புதிதாக வந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1866இல் பண்ணையை விற்றார். அடுத்த ஆண்டு க்வாரா காசநோயில் இறந்துபோனார். கிராண்ட் கனடாவின் ரெட் ரிவர் பகுதிக்கு, தன் மேட்டி மக்களிடமே திரும்பிப் போய்விட்டார்.

பண்ணையை 19,200 டாலருக்கு வாங்கியவர் கான்ராட் கோர்ஸ். 1835இல் ஹோல்ஸ்டைனில் பிறந்தவர். இன்று ஜெர்மனியில் இருக்கும் அந்தப் பகுதி அப்போது டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது. 15 வயதில் கப்பலில் எடுபிடியாக வீட்டைவிட்டுக் கிளம்பினார். அப்புறம் கடல், அமெரிக்கா, கசாப்புக் கடை, மிசிசிப்பியில் மரத்தெப்பம் ஓட்டுவது, கலிபோர்னியாவில் தங்கம் தேடுவது என்று எதுவும் நிலைக்காத பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். 1862இல் பானக் வந்தபோதும் தேடி வந்தது தங்கத்தைத்தான். கிடைத்த வேலையோ கசாப்புக் கடையில், மாதம் 25 டாலர் சம்பளம். கடை முதலாளி, பின்னாளில் அதே ஊரின் ஷெரீஃபாக வந்த ஹென்றி ப்ளம்மர் என்பவரோடு தகராறாகி, அவரைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு ஊரைவிட்டே ஓடிப்போனார். கடை கோர்ஸ் கைக்கு வந்தது.

சுரங்கத் தொழிலாளிக்குத் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இரவில் பசிக்கும். இதைப் புரிந்துகொண்ட கோர்ஸ் ஒவ்வொரு தங்க முகாமிலும் ஒரு கறிக்கடை போட்டார். கடைகளுக்கு மாடு வேண்டும், மாடு கிராண்டிடம் இருந்தது. வாங்கி வாங்கிக் கடைசியில் பண்ணையையே வாங்கிவிட்டார்.

அந்தப் பண்ணைக்கு யார் உரிமையாளர் என்ற கேள்விக்கு இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 1855இல் ஹெல்கேட் ஒப்பந்தத்தின் மூலம் சேலிஷ், பென்ட் ஓரேய், கூட்டனே மக்கள் மேற்கு மொண்டானாவின் பெரும்பகுதியை அமெரிக்க அரசிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. 1862இல் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது: ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் உனக்குச் சொந்தம். குடியுரிமை பெறப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்த புலம்பெயர்ந்தவருக்கும் அந்தக் கதவு திறந்தது. ஜெர்மானியர், நார்வேக்காரர், ஐரிஷ்காரர் எல்லோரும் அதன் வழியாகத்தான் வந்தார்கள். அதே மொண்டானா மலைகளில் தங்கம் அரித்த சீனர்களுக்கு அது திறக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் குடியுரிமை பெறவே அன்றைய சட்டத்தில் இடமில்லை. உழைத்து முன்னேறிய குடியேறிகளின் கதை என்று இதைப் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்லட்டும், உழைத்தார்கள் என்பது உண்மை. யாருக்கு உழைக்க நிலம் கிடைத்தது, அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துத்தான் நான் கேட்க விரும்புகிறேன்.

கோர்ஸுக்குத் தனியாகப் பண்ணை நடத்த நேரமில்லை. வியாபாரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். பண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டவர் அவருடைய ஒரு தாய் வயிற்றுத் தம்பி ஜான் பீலன்பர்க், அம்மாவின் இரண்டாம் திருமணத்தில் பிறந்தவர். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. குதிரை என்றால் உயிர். எந்த மாட்டை எப்போது விற்பது என்று அண்ணன் முடிவு செய்வார், மாடு விற்கும் நிலையில் இருக்கும்படி தம்பி பார்த்துக்கொள்வார். ‘மொண்டானாவின் மாட்டு ராஜா’ என்ற பட்டம் அண்ணனுக்கு மட்டும் போனது. பண்ணையின் பெயரில்கூட பீலன்பர்க் இல்லை.

1868இல் கோர்ஸ் பெண் தேடிக் கிழக்கே போனார். ஹோல்ஸ்டைனிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த அகஸ்டா குரூஸை அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில் அந்த பிப்ரவரியில் மணந்தார். பழகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவருக்கு 19 வயது, மாப்பிள்ளைக்கு 32. மிசௌரி ஆற்றில் நீராவிப் படகில் எதிர்நீரோட்டத்தில் வாரக்கணக்கில் பயணம் செய்து பென்டன் கோட்டை வந்து, அங்கிருந்து வண்டியில் டியர் லாட்ஜ்.

வந்து பார்த்தால் ஆண்கள் மட்டும் குடியிருந்த வீடு. எந்த நிலையில் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அகஸ்டா முதலில் சமையல்காரரை அனுப்பிவிட்டு அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பால் கறந்தார், சோப்பு காய்ச்சினார், மெழுகுவர்த்தி வார்த்தார், வீட்டு ஆட்களுக்கெல்லாம் சமைத்தார். இரண்டு பெண், ஒரு பையன் பிறந்தார்கள். 1890இல் வீட்டின் பின்பக்கம் செங்கல்லில் பெரிய கட்டு சேர்த்தார்கள். மொத்தம் 23 அறைகள், குழாய்த் தண்ணீர், நிலக்கரி உலையிலிருந்து எல்லா அறைக்கும் வெப்பம், எரிவாயு விளக்கு. வயதான காலத்தில் ஓபரா பார்க்க நியூயார்க் வரை போய்வருவார். 1945இல், 96 வயதில் காலமானார். அங்கே நான் போயிருந்தபோது சாப்பாட்டு அறையில் அவருடைய மேசையையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் பார்த்தேன். எதையும் தூக்கி எறியாத குடும்பம். நாற்காலியும் திரைச்சீலையும் பீங்கானும் அப்படியே இருக்கின்றன. அந்த அறைகளில் நிற்கும்போது இது மாட்டு ராஜாவின் வீடாக எனக்குத் தெரியவில்லை. 19 வயதில் வந்த ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டிய வீடாகத்தான் தெரிந்தது.

1870களிலும் 80களிலும் கோர்ஸ் மாடுகள் மலை தாண்டிப் போய்விட்டன. பள்ளத்தாக்கில் கூட்டம் கூட, கிழக்கே சமவெளியில் வேலியில்லாத புல் கடலாக விரிந்து கிடந்தது. அதுவரை அங்கே மேய்ந்த காட்டெருமைகளை 1880களின் தொடக்கத்துக்குள் சுட்டே தீர்த்துவிட்டார்கள். அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்கள் பட்டினியோடு ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். அந்தக் காலியிடத்தில்தான் மாட்டுக்காரர்கள் நுழைந்தார்கள். நிலம் அரசினுடையது, மேய்ச்சலுக்குக் காசு கிடையாது. வசந்தத்தில் கன்றுகளைப் பிடித்துச் சூடு போட்டு விட்டால், இலையுதிர் காலத்தில் விற்கும் மாடுகளைத் திரட்டினால் போதும், நடுவில் மாடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். 1883 செப்டம்பரில் வடக்கு பசிபிக் ரயில்பாதையின் இரண்டு முனைகளையும் டியர் லாட்ஜுக்கு அருகிலுள்ள கோல்ட் கிரீக்கில் இணைத்தார்கள். அதன்பிறகு சிகாகோ சந்தை கைக்கெட்டும் தூரம்தான். கோர்ஸின் உச்சத்தில் 50,000 மாடுகள், நான்கு மாநிலங்களிலும் கனடாவிலுமாக ஒரு கோடி ஏக்கர் மேய்ச்சல், ஆண்டுக்குப் பத்தாயிரம் மாடு சிகாகோவுக்கு என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அந்த ஒரு கோடி ஏக்கரில் அவருக்குச் சொந்தமானது மிகச் சிறு பகுதி. இந்தக் கதையில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் நூல் இதுதான். சும்மா கிடைத்த புல்லில் எழுந்த செல்வம் எல்லாம் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கி, தண்ணீர் பாய்ச்சி, புல் அறுத்துப் போர் போட்ட அந்த ஆற்றோரத் துண்டு மட்டும் இன்றும் பண்ணையாகவே இருக்கிறது.

முதல் அடி 1886-87 குளிர்காலத்தில் விழுந்தது. அந்தக் கோடையில் மழையில்லை. அளவுக்கு மீறி மாடுகளை விட்டதில் புல் ஏற்கெனவே மொட்டை. நவம்பரிலேயே பனி. நடுவில் கொஞ்சம் வெயில் அடித்துப் பனி உருகி, உடனே கடுங்குளிர் வந்து மேற்பரப்பு கண்ணாடித் தகடுபோல் இறுகிவிட்டது. குதிரை குளம்பால் பனியைக் கிளறி அடியிலுள்ள புல்லை எடுக்கும், மாட்டுக்கு அது தெரியாது. மூக்கால் தள்ளிப் பார்க்கும். பனித்தகடு காலைக் கிழித்துவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நடந்து பள்ளங்களில் குவிந்து செத்தன. தீவனம் தேடி ஊர்த் தெருக்களுக்குள் வந்து நின்றவையும் உண்டு. நிலைமை என்ன என்று முதலாளி கேட்டு எழுதியதற்குப் பதிலாக, ஓநாய்கள் சூழ, எலும்பு துருத்திய ஒரே ஒரு மாடு பனியில் நிற்பதைச் சின்ன அட்டையில் வரைந்து அனுப்பினார் சார்லஸ் ரஸ்ஸல் என்ற இளம் கவ்பாய். அந்த அட்டைதான் பின்னாளில் அவரைப் பெயர்பெற்ற ஓவியராக்கியது.

கோர்ஸ் பங்கு வைத்திருந்த ஜூடித் பேசின் பக்கத்து மந்தையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அவருடைய கூட்டாளி கிரான்வில் ஸ்டூவர்ட் அத்தோடு அந்தத் தொழிலை விட்டார். தீனியும் கொட்டகையும் கொடுக்க முடியாத ஒரு மிருகத்தை இனி வைத்திருக்க மாட்டேன் என்று எழுதினார் அவர். மொண்டானா மாட்டுத் தொழிலின் வரலாற்றில் இவ்வளவு நேர்மையாக வேறு யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. வாயில்லா ஜீவனைக் கட்டிப்போட்டுப் பட்டினி போடுவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். கட்டாமல் அவிழ்த்துவிட்டுப் பட்டினி போடுவது மட்டும் எப்படித் தொழில் ஆகும்?

கோர்ஸ் விடவில்லை. பியூட் நகர வங்கியாளர் ஏ. ஜே. டேவிஸ் எந்த ஈடும் கேட்காமல் 1,00,000 டாலர் கடன் கொடுத்தார். மாடு வாங்கி மந்தையை மறுபடி கட்ட அந்தப் பணம் உதவியது. நான்கே ஆண்டுகளில் கடன் அடைந்தது. அதோடு தொழிலின் முறையும் மாறிவிட்டது. குளிர்காலத்துக்குப் புல் சேமிக்காமல் மாடு வளர்க்க முடியாது என்பது எல்லோருக்கும் உறைத்தது. டியர் லாட்ஜ் வீட்டுப் பண்ணையில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

புல் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது. கவ்பாய் என்றதும் கயிறும் தொப்பியும் நினைவுக்கு வரும். அந்தப் பண்ணைகளில் கோடைக்காலத்தின் பெரும்பகுதி உண்மையில் புல் அறுப்பதில் போனது. ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஜூலையில் அறுத்து, வெயிலில் காயவிட்டு, வரிசையாக வாரி, போருக்குக் கொண்டுவருவார்கள். ஈரத்தோடு அடுக்கினால் போர் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும், சில சமயம் தானே தீப்பற்றும். நம் ஊர் வைக்கோல் போர் போடும் கைகளுக்கு இந்தப் பக்குவம் நன்றாகவே தெரியும். அங்கே ஆள் குறைவு, புல் அதிகம். அதனால் பக்கத்துப் பிக் ஹோல் பள்ளத்தாக்கில் 1910ஐ ஒட்டி ஒரு மரச் சாதனம் உருவானது. பீவர்ஸ்லைடு என்று பெயர். மரக்கட்டைகளால் ஆன பெரிய சாய்தளம். கீழே ஒரு கூடையில் புல்லைக் குவித்து, குதிரைகளைக் கொண்டு கயிறு இழுக்க, கூடை சரிவில் ஏறி உச்சியில் கவிழும். 30 அடி உயரத்துக்குப் போர் எழும்பும். இன்றும் மொண்டானாவில் வயல்நடுவே ஏணி சாய்த்ததுபோல் இவை நிற்பதைப் பார்க்கலாம்.

கோர்ஸ் குடும்பத்துக்கு அடுத்த அடி வீட்டுக்குள் விழுந்தது. ஒரே மகன் வில்லியம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது 1901இல் நோயுற்று இறந்தார். இருபது வயது கடந்த பிள்ளை. பண்ணை அவர் கைக்கு வரும் என்பதுதான் பெற்றோரின் கணக்கு. அவர் நினைவாக ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார்கள். வில்லியம் கே. கோர்ஸ் நினைவு நூலகம் டியர் லாட்ஜில் இன்றும் இருக்கிறது.

அப்புறம் வேலிகள் வந்தன. 1909இல் புதிய ஹோம்ஸ்டெட் சட்டம் வறண்ட நிலத்தில் 320 ஏக்கர் வரை கொடுத்தது. ரயில் கம்பெனிகள் விளம்பரம் செய்ய, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து சமவெளியை உழுதன. கோர்ஸைப் போலவே கப்பல் ஏறி வந்தவர்களும் அவர்களில் ஏராளம். ஒரு தலைமுறைக் குடியேறியின் திறந்தவெளியை அடுத்த தலைமுறைக் குடியேறி முள்கம்பியால் மூடினார். 1917க்குப் பிறகு வந்த வறட்சி அந்தப் புதியவர்களையும் கூட்டம் கூட்டமாக விரட்டியடித்தது என்பது தனிச் சோகம். கோர்ஸும் பீலன்பர்க்கும் மந்தையையும் நிலத்தையும் விற்றுக்கொண்டே வந்தார்கள். கோர்ஸ் 1920இல் இறந்தார், தம்பி 1922இல். 1920களின் நடுவில் வீட்டைச் சுற்றிச் சுமார் ஆயிரம் ஏக்கர் மட்டும் மிச்சம்.

அந்த ஆயிரம் ஏக்கரை எடுத்து நிமிர்த்தியவர் மகள் வழிப் பேரன் கான் வாரன். 1907இல் பிறந்தவர். 1932இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, மேலாளரானார். 1940இல் பண்ணையைத் தானே வாங்கினார். தரமான ஹெர்ஃபோர்டு மாடுகளும் பெல்ஜியன் வண்டிக் குதிரைகளும் வளர்த்தார். மனைவி நெல்லும் அவரும் பக்கத்தில் சின்ன வீடு கட்டிக்கொண்டு, பாட்டியின் பெரிய வீட்டை எதுவும் மாற்றாமல் காத்தார்கள். பழைய வண்டிகள், சேணங்கள், கொட்டகைகள் எதையும் அவர் கழித்துக்கட்டவில்லை. விற்றிருந்தால் காசு வந்திருக்கும். தாத்தாவை விட இந்தப் பேரன்மீதுதான் எனக்கு மரியாதை அதிகம். தாத்தா எடுத்துக்கொண்ட காலத்தின் மனிதர், பேரன் வைத்துக்காத்த மனிதர். 1972இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பண்ணை தேசியப் பூங்காத் துறையின் வரலாற்றிடமானது, 1988இல் மீதி நிலமும் சேர்ந்தது. வாரன் 1993இல் காலமானார்.

இப்போது அங்கே சுமார் 1,600 ஏக்கர். மாடு உண்டு, வண்டிக் குதிரை உண்டு, கோடையில் புல் அறுப்பும் உண்டு. ரயில் பாதையைக் கடந்து நடந்தால் வீடு. பின்னால் ஆட்கள் தங்கிய கொட்டகை, பட்டறை, லாயம், அப்பால் கிளார்க் ஃபோர்க் ஆறு.

அந்த ஆற்றைப் பார்க்கும்போது ஒன்றையும் மறக்கக்கூடாது. மேலே பியூட்டிலும் அனகோண்டாவிலும் தாமிரம் தோண்டி உருக்கினார்கள். உருக்காலைப் புகையிலிருந்த ஆர்சனிக் படிந்த புல்லைத் தின்று பள்ளத்தாக்கு விவசாயிகளின் மாடுகளும் குதிரைகளும் செத்தன. 1905இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள், 1909இல் தோற்றார்கள். 1908 வெள்ளம் சுரங்கக் கழிவை ஆற்றோரமெங்கும், இந்தப் பண்ணைக்குள்ளும், கொண்டுவந்து கொட்டியது. புல்லே முளைக்காத மொட்டைத் திட்டுகள் நூறாண்டு அப்படியே கிடந்தன. சமீப ஆண்டுகளில்தான் நச்சு மண்ணை லாரி லாரியாக அள்ளிவிட்டு நல்ல மண் பரப்பி, கரையில் வில்லோ மரங்கள் நட்டு, வேர்பிடிக்கும்வரை மாடு இறங்காமல் வேலி போடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது நான் முதலில் பார்க்க நினைப்பது வீட்டை அல்ல, அந்தக் கரையில் புல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதை.